இரண்டு லீற்றர் கடல்நீர் எதைச் சொல்லும்?

2021இல் ‘ஓஷன்ஸ்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றியுள்ள கடலில் 113 முருகைக்கல் இனங்களைப் பதிவு செய்தது. அவற்றுள் 36 இனங்கள் அதற்கு முன் இலங்கையில் எவரும் பதியாதவை. அஷானி அருளானந்தன் முதலாசிரியராக இருந்த அந்த ஆய்வில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கடற்றொழில் துறைப் பேராசிரியர் சிவசாந்தினி குகநாதனும் பங்கேற்றார். கடலடியில் 50 மீற்றர் நீளத்துக்கு நாடா விரிப்பார்கள். அதன் வழியே நீந்திப்போய், நாடாவுக்குக் கீழே உயிருள்ள கல் எவ்வளவு, செத்த கல் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். அப்படி அளந்ததில் புங்குடுதீவில் உயிருள்ள முருகைக்கல் 62 சதவீதமாகவும் காங்கேசன்துறையில் 12 சதவீதமாகவும் இருந்தது. இனங்களை உறுதிசெய்ய உருவ அடையாளத்தோடு டி.என்.ஏ.வையும் பார்த்தார்கள்.

இத்தனை இனங்கள் இத்தனை காலம் ஏட்டில் ஏறாமல் போன காரணத்தைக் கரையில்தான் தேட வேண்டும். இலங்கையின் முருகைக்கல் ஆய்வு நெடுங்காலம் ஹிக்கடுவை, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப், திருகோணமலைப் புறாத்தீவு என்று பிற கரைகளைச் சுற்றியே நடந்தது. அர்ஜன் ராஜசூரியவும் அலன் வைட்டும் 1995இல் நாடு முழுவதற்குமாக 183 இனங்களைக் கணக்கிட்டார்கள். அப்போது போர் நடந்துகொண்டிருந்ததால் வடகடலில் மீனவர்களே நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. சுழியோடி ஆய்வு செய்வதைப் பற்றிப் பேச்சே இல்லை. போர்நிறுத்த காலத்தில், 2005இல், ராஜசூரிய பாக்கு நீரிணையிலும் பாக்கு விரிகுடாவிலும் இறங்கிப் பார்த்தார். அடுத்த ஆண்டே மீண்டும் போர். 2009க்குப் பிறகுதான் இந்தக் கடல் ஆய்வாளருக்கு முழுதாகத் திறந்தது.

உலகின் பிற முருகைக்கற்பாறைகளில் இனங்களைக் கணக்கெடுக்கும் இந்த வேலையின் ஒரு பகுதியை இன்று சுழியோடாமலே செய்கிறார்கள். ஓரிரு லீற்றர் கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் படித்து, அங்கே என்னென்ன வாழ்கின்றன என்று சொல்கிறார்கள். சூழல் டி.என்.ஏ. என்று இதற்குப் பெயர். கலங்கிய நீரும் குறைந்த நிதியும் பெரிய கடற்பரப்பும் உள்ள யாழ்ப்பாணத்துக்கு இது வரப்பிரசாதம் போலத் தோன்றும். வரப்பிரசாதமாக முடியுமா என்பது இயந்திரத்தின் கையில் இல்லை. நீரில் கிடைக்கும் டி.என்.ஏ.வுக்குப் பெயர் சொல்லும் பதிவேட்டை இந்தக் கடலுக்கென்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது அது.

நீரில் மிதக்கும் தடயம்

கடலில் வாழும் எதுவும் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. மீனின் உடற்சளி, செதில், கழிவு, முட்டை, விந்து, முருகைக்கல் வெளித்தள்ளும் சளி எல்லாவற்றிலும் உயிரணுக்கள் உண்டு, உயிரணுவில் டி.என்.ஏ. உண்டு. வெயிலும் வெப்பமும் நுண்ணுயிர்களும் அதைச் சிதைக்கும். கடல்நீரில் அது சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரைதான் தாக்குப்பிடிக்கும். அதனால் இன்று எடுத்த நீரில் ஓர் இனத்தின் தடயம் இருந்தால், அந்த இனம் அண்மையில் அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று கொள்ளலாம்.

பெரிய விலங்குகளைத் தேட இந்த வழி உதவும் என்பதை 2008இல் பிரான்சின் குளங்களில் காட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய ஒரு தவளையை, தவளையைப் பிடிக்காமல் குளத்து நீரைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். 2012இல் டென்மார்க் கடலில் அரை லீற்றர் அளவில் எடுத்த மூன்று மாதிரிகளிலிருந்து 15 மீனினங்கள் தெரியவந்தன. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர் மசாகி மியாவும் குழுவினரும் இதை இன்னும் கடுமையாகச் சோதித்தார்கள். ஒகினாவாவின் சுராவுமி மீன்காட்சியகத் தொட்டிகளில் என்னென்ன மீன்கள் உள்ளன என்ற கணக்கு ஏற்கெனவே கையில் இருந்தது. தொட்டி நீரை மட்டும் படித்து 180 இனங்களில் 168ஐக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் உருவாக்கிய ‘மைஃபிஷ்’ பிரைமர்கள் (குறித்த மரபணுத் துண்டில் ஒட்டி அதைப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ. துணுக்குகள்) இன்று உலகெங்கும் மீன் ஆய்வுக்குப் பயன்படுகின்றன.

முருகைக்கற்பாறைகளில் நடந்த ஒப்பீடுகளுள் பெரியது 2022இல் வெளிவந்தது. ஐந்து வெப்பமண்டலக் கடற்பகுதிகளில் 100 இடங்களில் எடுத்த 226 நீர்மாதிரிகளை, சுழியோடிகள் நேரில் எண்ணிய 2,047 கணக்கெடுப்புகளோடு வைத்துப் பார்த்தார்கள். நீர்மாதிரிகள் 16 சதவீதம் கூடுதலான மீன்வகைகளையும் 25 சதவீதம் கூடுதலான குடும்பங்களையும் காட்டின. சுழியோடியைக் கண்டதும் விலகிப்போகும் மீன்களும், கல்லிடுக்கில் ஒளிந்து வாழும் விரற்கடைச் சிறுமீன்களும் நீரில் அகப்பட்டன. ஆனால் இரு முறைகளிலும் தென்பட்ட குடும்பங்கள் சிலவற்றில் சுழியோடிகளே அதிக இனங்களைக் கண்டிருந்தார்கள். நீரில் டி.என்.ஏ. அகப்படாதது ஒரு காரணமாக இருக்கலாம், அகப்பட்ட டி.என்.ஏ.வுக்குப் பெயர் சொல்லப் பதிவு இல்லாதது இன்னொரு காரணம். யாழ்ப்பாணத்துக்கு முக்கியமானது இந்த இரண்டாவது காரணம்.

புங்குடுதீவில் நீர் எடுப்பதென்றால்

முறை எளிதாகத்தான் தெரியும். புங்குடுதீவுக் கரையிலிருந்து படகில் போய், பாறைக்கு மேலே, அடிக்குச் சற்று உயரத்தில் இரண்டு லீற்றர் நீரை எடுக்க வேண்டும். போத்தல் குளோரின் கரைசலில் கழுவியதாக இருக்க வேண்டும். எடுப்பவர் கையுறை போட்டிருக்க வேண்டும். நீரை 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள வடிதாளினூடாகச் செலுத்தினால் உயிரணுக்களும் அவற்றின் துணுக்குகளும் தாளில் தங்கும். தெளிந்த கடலில் இது சில நிமிட வேலை. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லாதது. காற்றடித்தால் அடிச்சேறு மேலே வரும். சில நூறு மில்லிலீற்றருக்குள் தாள் அடைத்துக்கொள்ளும். பெரிய துளையுள்ள தாளால் முதலில் ஒருமுறை வடிக்கலாம், அல்லது பல தாள்களில் பிரித்து வடிக்கலாம். எதைச் செய்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புங்குடுதீவையும் காங்கேசன்துறையையும் ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு பயணத்திலும் சுத்தமான, டி.என்.ஏ. இல்லாத நீரையும் ஒரு போத்தலில் கொண்டுபோய், கடல்நீரைப் போலவே வடித்துக் கொண்டுவர வேண்டும். அந்த வெற்றுமாதிரியில் மீனின் தடயம் தென்பட்டால், அது கடலிலிருந்து வந்ததல்ல. படகிலிருந்தோ கையிலிருந்தோ ஆய்வுகூடத்திலிருந்தோ வந்தது. அன்றைய மாதிரிகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும்.

வடிதாளைக் குளிரூட்டியில் வைப்பது வழக்கம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. அப்படிப்பட்ட நாட்டில் குளிரூட்டியை மட்டும் நம்பி ஆய்வுத் திட்டம் போட முடியாது. செறிந்த அற்ககோலிலோ அதற்கென்றுள்ள தாங்கற்கரைசலிலோ இட்டால் வடிதாள் அறை வெப்பநிலையிலேயே வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

பிறகு, கோவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பி.சி.ஆர். அப்போது ஒரே ஒரு வைரஸைத் தேடினார்கள். இங்கே எல்லா மீன்களுக்கும் பொதுவாக அமைந்த ஒரு சிறு மரபணுப் பகுதியைப் பெருக்கி, அதன் இலட்சக்கணக்கான பிரதிகளை எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். மைஃபிஷ் படிப்பது ஏறத்தாழ 170 எழுத்து நீளமுள்ள துண்டு. நீரில் கிடக்கும் டி.என்.ஏ. உடைந்து நொறுங்கியது என்பதால் குறுந்துண்டைத்தான் நம்பலாம்.

பெயர் பதியாத எண்

படித்து முடித்தால் கையில் இருப்பது எழுத்துவரிசைகளின் பட்டியல். இந்த வரிசை கலவாய், இந்த வரிசை ஓரா என்று சொல்ல, அந்த மீன்களை முன்னரே பிடித்து, அடையாளம் கண்டு, அவற்றின் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் யாராவது போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பேசியில் பெயர் பதியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்ததுபோல்தான். யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும், யாரென்று தெரியாது.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹேபர்ட் 2003இல் முன்வைத்த ‘டி.என்.ஏ. பார்கோடு’ இந்தப் பதிவேட்டின் அடித்தளம். விலங்குகளுக்கு இழைமணியில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவின் சுமார் 650 எழுத்துகளை அடையாளக் குறியாகக் கொள்ளலாம் என்றார் அவர். 2021இன் யாழ்ப்பாண ஆய்வு பயன்படுத்தியதும் இதே மரபணுவைத்தான். அந்த வகையில் வடகடலின் பதிவேட்டுக்கு அந்த ஆய்வு பிள்ளையார் சுழி போட்டது என்று சொல்லலாம். ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, முருகைக்கல்லின் இயல்பு. முருகைக்கற்களின் இழைமணி மரபணுக்கள் மற்ற விலங்குகளினதை விடப் பல மடங்கு மெதுவாக மாறுகின்றன. மீனில் இரண்டு சகோதர இனங்களைச் சி.ஓ.ஐ. எளிதாகப் பிரித்துக் காட்டும். முருகைக்கல்லில் இரண்டு இனங்களுக்கு எழுத்துக்கு எழுத்து ஒரே வரிசை இருப்பதும் உண்டு. ஆகவே சி.ஓ.ஐ. மட்டும் ஒத்துப்போனதை வைத்து இனப்பெயரை முடிவுசெய்ய முடியாது. எலும்புக்கூட்டின் அமைப்பையும் பார்த்தாக வேண்டும். 36 என்ற எண்ணைக் குறைத்து மதிப்பிடச் சொல்லும் வாதமல்ல இது. அந்த மாதிரிகளுக்கு ஐ.டி.எஸ்.2 போன்ற, உயிரணுக் கருவில் உள்ள டி.என்.ஏ. பகுதிகளையும் படித்தால் அந்த எண் இன்னும் உறுதியாக நிற்கும். ஒகினாவாவில் மேற்பரப்பு நீரைக் கொண்டு முருகைக்கல் தேடிய ஆய்வாளர்கள், 2023இல் வெளியிட்ட கட்டுரையில் இன அளவுக்குப் போகாமல் பேரின அளவில் நின்றார்கள். பதிவேடு அனுமதிக்கும் தூரம்வரைதான் போக முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது சிக்கல், பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசாதது. பார்கோடு திட்டங்கள் சி.ஓ.ஐ.யைப் பதிந்தன. மைஃபிஷ் படிப்பதோ 12எஸ் என்னும் வேறொரு மரபணு. ஒரு மீனுக்குச் சி.ஓ.ஐ. வரிசை தரவுத்தளத்தில் இருந்து, 12எஸ் இல்லாவிட்டால், நீரில் அந்த மீன் அகப்பட்டாலும் பெயர் கிடைக்காது. ஆகவே ஒரு மாதிரியைக் கையில் எடுக்கும்போதே அதன் இரண்டு மூன்று மரபணுக்களைச் சேர்த்துப் படித்துவிடுவது நல்லது. பின்னால் அதே இனத்தைத் தேடி மீண்டும் கடலுக்குப் போவதை விட இது எவ்வளவோ மலிவு.

மாதிரி சேகரிக்கப் பெரிய கப்பல் தேவையில்லை. விடியற்காலை குருநகரிலோ பாசையூரிலோ மீன் கூறி விற்கும் இடத்துக்குப் போனால் விளைமீனும் பாரையும் சீலாவும் கிளிமீனும் கிடைக்கும். ஒவ்வொன்றையும் படம் பிடித்து, செட்டையின் நுனியை அற்ககோலில் இட்டு, முழு மீனை இலக்கமிட்டுப் பாதுகாத்தால் ஒரு பதிவு முடிந்தது. முழு மீனைப் பாதுகாப்பது வீண்வேலை இல்லை. பத்தாண்டு கழித்து எவராவது அந்த அடையாளம் தவறு என்று சொன்னால், பெட்டியைத் திறந்து பார்க்கலாம். சந்தையில் ஓரா என்ற ஒரே பெயரில் விற்கும் மீன்களுள் பல இனங்கள் இருக்கலாம். எந்த ஓரா கல்லில் மேய்வது, எந்த ஓரா சாதாளையில் மேய்வது என்பதை மீனவர் பிரித்துச் சொல்வார். அந்தக் குறிப்பும் பதிவில் ஏற வேண்டும்.

சந்தைக்கே வராத மீன்கள்தான் கடினம். கல்லிடுக்கில் வாழும் சிறுமீன்களை எவரும் பிடித்து விற்பதில்லை. பதிவேட்டில் பெரும் வெற்றிடம் அங்கேதான். சுழியோடியின் கண்ணுக்குத் தப்பி நீர்மாதிரியில் அகப்படுபவையும் அவைதான். சூழல் டி.என்.ஏ. எங்கே மிகவும் வலிமையோ, அங்கே பதிவேடு மிகவும் பலவீனம்.

வாடையும் சோளகமும்

டி.என்.ஏ. நீரோடு போகும். பாக்கு விரிகுடாவில் நீரோட்டம் காற்றோடு திசை மாறும். வாடை வீசும் மாதங்களில் வங்கக்கடல் நீர் நீரிணை வழியாக உள்ளே தள்ளப்படும்; சோளகக் காலத்தில் தெற்கிலிருந்து மேலே வரும். நெடுந்தீவில் மார்கழியில் எடுத்த நீரும் ஆடியில் எடுத்த நீரும் வெவ்வேறு கடல்களின் செய்தியைக் கலந்து சொல்லக்கூடும். ஆண்டில் ஒருமுறை மட்டும் நீர் எடுத்து இதுதான் நெடுந்தீவின் மீன்வளம் என்று அறிக்கை எழுதினால், அது அந்தக் கிழமையின் காற்றைப் பற்றிய அறிக்கையாகவும் இருக்கும்.

கரையிலிருந்து வரும் கலப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். கருவாடு காயப்போட்ட கரையில் மழை பெய்தால் அந்த மீனின் டி.என்.ஏ. கடலுக்குப் போகும். இறங்குதுறையில் ஐஸ்பெட்டியைக் கழுவி ஊற்றினால், ஆழ்கடலில் பிடித்த சூரையின் தடயம் முருகைக்கல் மீனாகப் பட்டியலில் ஏறும். மனிதன், கோழி, மாடு ஆகியவற்றின் வரிசைகள் கடல்நீர் முடிவுகளில் வருவது உலகெங்கும் வழக்கம். அவற்றை எளிதில் நீக்கிவிடலாம். வலையில் வந்து கரையில் கழுவப்பட்ட மீனையும், பாறையில் வாழும் மீனையும் கணினி பிரித்துக் காட்டாது. இறங்குதுறை எங்கே, எப்போது மீன் கழுவுகிறார்கள் என்று தெரிந்தவரே இதற்கு வழி சொல்ல முடியும்.

இந்தக் கடலுக்கே உரிய இன்னொரு குழப்பம் இழுவைமடி. இலங்கை 2017இல் சட்டத்தைத் திருத்தி அடிமட்ட இழுவைமடியைத் தடைசெய்தது. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருவது நிற்கவில்லை. இழுவைமடி அடிச்சேற்றைக் கிளறும். சேற்றில் புதைந்த டி.என்.ஏ., நீரில் உள்ளதை விட மிக நீண்ட காலம் அழியாமல் கிடக்கும். கிளறிய மறுநாள் எடுத்த நீரில் எப்போதோ செத்த உயிர்களின் தடயமும் கலந்திருக்கலாம். அதனால் மாதிரிப் புத்தகத்தில் காற்று, அலை, நீரோட்டத்தோடு முந்தைய இரவு இழுவைப் படகு வந்ததா என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

இதே இழுவைமடி ஆய்வுக்கு ஒரு வாய்ப்பையும் தருகிறது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் இழுவைப் படகுகள் கடலுக்கு வருவதில்லை. தடைக்கு முன்னும் தடையின் இறுதியிலும் ஒரே இடங்களில் நீர் எடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்தால், இழுவைமடி இல்லாத இரண்டு மாதம் இந்தப் பாறைகளில் எதை மாற்றுகிறது என்று பார்க்கலாம். ஓர் ஆண்டு போதாது. அதே மாதங்களில்தான் கடல் சூடேறும், முருகைக்கல் வெளிறும் காலமும் அதுவே, சோளகமும் தொடங்கிவிடும். இழுவைமடி போகாத ஒரு பாறையையும் சேர்த்து அளந்தால்தான் எது எதனால் என்று பிரிக்க முடியும்.

சாட்சியாக ஏற்கும் முன்

வடகடல் வழக்குகள் நிறைந்த கடல். இழுவைமடி, கடலட்டைப் பண்ணைகள், துறைமுக விரிவாக்கம், செயற்கைப் பாறைகள் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு கட்சி உண்டு. மலிவாக எடுக்கக்கூடிய நீர்மாதிரி விரைவில் இரு தரப்புக்கும் ஆதாரமாக வரும். அதற்கு முன் அதன் எல்லைகளைத் தெளிவாகச் சொல்லி வைப்பது ஆய்வாளரின் கடமை.

மீன்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை, குஞ்சுகளா தாய்மீன்களா என்பதை நீர் சொல்லாது. முருகைக்கல் வெளிறியிருக்கிறதா என்பதையும் சொல்லாது. ஹவாயில் 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, நீரில் முருகைக்கல் டி.என்.ஏ.வின் அளவு உயிருள்ள கல்லின் பரப்போடு ஒத்துப்போவதைக் காட்டியது. அது நம்பிக்கையான செய்தி. இருந்தாலும் கலங்கிய பாக்கு விரிகுடாவில் அந்த உறவு நிலைக்கிறதா என்று தனியாகச் சோதிக்காமல், புங்குடுதீவின் 62 சதவீதம் போன்ற ஓர் எண்ணை நீரிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு இப்போதும் நாடாவும் சுழியோடியும் வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, நீரில் காணவில்லை என்பதால் கடலில் இல்லை என்று முடிவுகட்டுவது. வடிதாள் அடைத்திருக்கலாம், பிரைமர் அந்த இனத்தில் ஒட்டாமல் போயிருக்கலாம், பதிவேட்டில் பெயர் இல்லாதிருக்கலாம். சுற்றாடல் தாக்க அறிக்கை ஒன்றில் “அரிய இனங்கள் எவையும் காணப்படவில்லை” என்ற வரி சூழல் டி.என்.ஏ.வின் பெயரால் வந்தால், எந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள், அதில் இந்தக் கடலின் இனங்கள் எத்தனை இருந்தன என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கம், இன்றைய நீரை நாளைய பதிவேட்டைக் கொண்டு மீண்டும் படிக்க முடியும் என்பது இந்த முறையின் பெரிய பலம். சுழியோடி காணத் தவறியதைப் பிறகு யாரும் காண முடியாது. வடிதாளிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.வையும் படித்த வரிசைகளையும் சேமித்து வைத்தால், இன்று பெயரில்லாத வரிசைக்குப் பத்தாண்டு கழித்துப் பெயர் கிடைக்கலாம். 2021 ஜூனில் மீன் பெருக வேண்டும் என்று சொல்லிப் பழைய பேருந்துகளை வடகடலில் இறக்கினார்கள். அந்த இடங்களில் பேருந்து இறங்குவதற்கு முன் எடுத்த நீர் சில போத்தல் இருந்திருந்தால், மீன் உண்மையில் பெருகியதா என்ற கேள்விக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை இருந்திருக்கும். இனி கடலில் எதை இறக்கினாலும், எதைத் தோண்டினாலும், அதற்கு முன் நீர் எடுத்து வைப்பதை அனுமதியின் நிபந்தனையாக்கலாம். அதற்கு ஆகும் செலவு அந்தத் திட்டங்களின் செலவில் துளி.

நீர் எடுப்பவர் விஞ்ஞானியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யுனெஸ்கோ 2021இல் தொடங்கிய திட்டம் ஒன்றில் 21 கடல்சார் உலக மரபுரிமை இடங்களில் பாடசாலை மாணவர் உள்ளிட்ட பொதுமக்களே நீர் எடுத்தார்கள். ஏறத்தாழ 4,500 இனங்களின் தடயம் கிடைத்தது. தீவகத்துப் பாடசாலைகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் இதைச் செய்ய முடியும். கையளவு வரிசைப்படுத்தும் கருவிகள் வந்துவிட்ட காலம் இது. இயந்திரம் இன்றில்லாவிட்டால் நாளை வரும்.

ஆகவே பணம் கிடைத்தால் அதைச் செலவிடும் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. இயந்திரம் கடைசியில் வரட்டும். முதலில், இந்தக் கடலின் மீனுக்கும் முருகைக்கல்லுக்கும் பல மரபணுக்கள் கொண்ட பதிவேடும், மாதிரிகளைக் காக்கும் ஓர் அறையும், அடையாளம் காணத் தெரிந்த இரண்டு மூன்று இளைஞருக்கு நிரந்தர வேலையும். அடுத்து, வாடைக்கும் சோளகத்துக்குமாக ஆண்டுக்கு இரு முறை, குறித்த இடங்களில், ஒரே முறையில் நீர் எடுத்துச் சேமிக்கும் ஒழுங்கு. இவை இரண்டும் இல்லாமல் வாங்கும் இயந்திரம் பெயரில்லா எழுத்துவரிசைகளைக் குவித்துக்கொண்டே இருக்கும். இவை இரண்டும் இருந்தால், இயந்திரம் கொழும்பில் இருந்தாலும் பேராதனையில் இருந்தாலும், யாழ்ப்பாணக் கடலைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்லும் தரவு யாழ்ப்பாணத்தில் இருக்கும்.